புகழுக்கு முந்திய ஸ்மிதா பாட்டீல்

ஆசிரியருக்கு,

புதுப்பிக்கப்பட்ட ‘மந்தன்’ இந்தித் திரைப்படம் 2024 கான் விழாவில் திரையிடப்பட்டதை நினைவுகூர்ந்து தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் தந்து உருவான படம் என்பதை விரிவாகச் சொன்ன கட்டுரை, அதில் நடித்த ஸ்மிதா பாட்டீலை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. பம்பாய்த் தொலைக்காட்சியில் மராத்தியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவரை இயக்குநர் ஷியாம் பெனகல் திரைக்கு அழைத்து வந்தார். 1976இல் ‘மந்தன்’ வெளியானபோது அவர் இருபது வயதை ஒட்டிய இளம்பெண். அடுத்த ஆண்டே வந்த ‘பூமிகா’வுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது! இந்தத் தொடக்க ஆண்டுகளைப் பிற்காலப் புகழுக்கான முன்னோட்டமாகக் கருதுவது தவறு. அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு அப்போதே நிகழ்ந்துவிட்டது.

சிறுவயதில் ‘மந்தன்’ படத்தைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பாட்டியுடன் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் இந்தி தெரியாது. ஆயுள் முழுவதும் மாடு வளர்த்த பாட்டி, “இந்தப் பெண் மாட்டுக்காரி வீட்டுப் பிள்ளைதான்” என்று அடித்துச் சொன்னார். நடிகை என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஸ்மிதா செய்தி வாசித்த ஒளிப்பதிவு ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று தூர்தர்ஷன் தன் காப்பகத்தில் தேட வேண்டும். அவருடைய ஆரம்பகாலப் படங்களைத் தமிழ்த் துணைத்தலைப்புகளுடன் ஒளிபரப்பவும் முன்வர வேண்டும்.

— வாசகர் ஒருவர்