கதிரையை உயர்த்தினால் கால் தொங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக் கந்தோர்கள் பலவற்றில், கதிரை, மேசை, திரையை உடலுக்கேற்ப அமைக்கச் சொல்லித்தரும் 'எர்கோனொமிக்ஸ் செயலமர்வு' ஒரு சடங்காகிவிட்டது. ஹோட்டல் மண்டபம், அரை நாள், திரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் படம், பிறகு பகல் சாப்பாடு. மறுநாள் எல்லோரும் பழைய கதிரையில் பழைய கோணலிலேயே இருப்பார்கள். இந்தப் பயிற்சியை அவரவர் மேசையடியில் நடத்த வேண்டும். ஆளுக்கு இருபது நிமிடமும் ஓர் அளவுநாடாவும் போதும்.

படத்தில் இருப்பவன் நெட்டையன். பிழை அங்கேயே தொடங்குகிறது. கந்தோர் மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 75 செ.மீ. உயரம். ஐந்தடிப் பெண்ணொருவர் பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் அவரது முழங்கை ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். அப்படியே தட்டச்சுச் செய்தால் தோளை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பின்னேரம் கழுத்தடி கல்லுப்போல இறுகிவிடும். கதிரையை உயர்த்தினால் கை சரியாகும், கால் தொங்கும். கதிரை விளிம்பு தொடையின் அடியை அழுத்த, கால் விறைக்கும். அவர் முன்னுக்கு நகர்ந்து விளிம்பில் குந்துவார். சாய்மானம் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்கும். பலருக்கு நாரி உளைவு இந்த வழியால்தான் வருகிறது. எவ்வளவு விலையுயர்ந்த கதிரை வாங்கினாலும் இது தீராது. 10 முதல் 15 செ.மீ. உயரமான கால்பலகை ஒன்று தீர்த்துவிடும். தச்சரிடம் சொன்னால் மிச்சப் பலகையிலேயே அடித்துத் தருவார்.

ஆகவே முதலில் முழங்கையை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு காலுக்கு ஆதாரம் கொடுத்து, அதன்பின் முதுகைப் பார்த்து, கடைசியாகத்தான் திரையைத் தொட வேண்டும். திரையில் தொடங்கினால் கதிரையை அசைத்ததும் எல்லாம் குழம்பிவிடும். கதிரையின் கைப்பிடி மேசையில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். முட்டினால் ஆள் கிட்ட வரமுடியாமல் கையை எட்டி நீட்டியே வேலை செய்வார். அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிடலாம்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கழுத்து, கை இரண்டில் ஒன்று எப்போதும் பாடுபடும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொடுத்து, கணினியை ஏ4 தாள் கட்டுகளின் மேல் வைத்தால் போதும். 500 தாள் கட்டு ஒன்று சுமார் 5 செ.மீ.; திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை அடுக்கலாம். ஆனால் தூரத்துக்கு மேல்பாதி, கிட்டத்துக்குக் கீழ்ப்பாதி என்றிருக்கும் இருகுவியக் கண்ணாடி போடுபவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பாதியால் பார்ப்பதற்காக நாடியைத் தூக்குவார்கள், பின்கழுத்து நோகும். அவர்களுக்குத் திரையை இறக்கிக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தராத பயிற்சியாளரே அதிகம்.

கணக்குப் பிரிவில் வேறொரு சிக்கல். விசைப்பலகையின் வலக்கோடியில் எண் விசைகள் இருப்பதால் மவுஸ் அதற்கும் அப்பால் போகிறது; வலது தோள் வெளிப்பக்கம் இழுபடுகிறது. எண் விசைகள் தனியாக உள்ள பலகை நல்லது. இல்லாவிட்டால் மவுஸை இடக்கைக்கு மாற்றலாம். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

திரை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். கொள்ளுப்பிட்டிக் கடற்பக்கக் கட்டடங்களில் பின்னேர வெயில் நேரே அடிக்கும். ஏசிக் காற்றும் முகத்தில் படக்கூடாது. திரையை உற்றுப் பார்க்கையில் கண் சிமிட்டுவதே குறைவு, காற்றும் சேர்ந்தால் கண் காய்ந்து எரியும்.

இன்னொன்று: தேநீரை மேசைக்குக் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். கேட்கக் கடுமையாக இருக்கலாம். ஆனால் பாணந்துறையிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ பஸ்ஸில் இருந்தபடியே வந்தவர் கந்தோரிலும் எழும்பாமல் இருக்கிறார். அரை மணித்தியாலத்துக்கொரு தரம் இரண்டு நிமிடம் எழும்பி நடப்பது, பின்னேரம் ஒரேயடியாகப் பதினைந்து நிமிடம் உடலை முறிப்பதைவிடப் பலன் தரும்.

முகாமையாளர்கள் சுகவீன லீவை மட்டும் எண்ணுகிறார்கள். கழுத்து நோவுள்ளவர் உடனே லீவு போடுவதில்லை. வேலைக்கு வந்து, மெதுவாகத் தட்டி, இலக்கங்களைப் பிழைவிட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். அந்த நட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பயிற்சி முடிந்து ஒரு மாதத்தில் பயிற்சியாளர் திரும்பி வந்து, அதே மேசைகளை மறுபடி அளக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் விறைத்து, கையை உதறினால் குறைகிறது என்று யாராவது சொன்னால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவரைச் செயலமர்வுக்கு அனுப்பாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இயன்மருத்துவர் ஒருவர்,
வெள்ளவத்தை.