48 கிலோ பையனிடம் இரண்டு கிலோ கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குத்துச்சண்டைத் தேர்வு நெருங்கிவிட்டால் மதுரை மைதானங்களில் வியர்த்து எடை இறங்குவதற்காக மதிய வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடும் பையன்களைப் பார்க்கலாம். "ரெண்டு கிலோதானே, இறக்கிட்டா கீழ் வெயிட்ல ஜெயிச்சிரலாம்" என்று பெற்றோரே சொல்லி அனுப்புகிறார்கள்.

90 கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ என்பது 2.2 சதவீதம். 48 கிலோ பையனுக்கு அது நான்கு சதவீதத்தைத் தாண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 105 பவுண்டிலிருந்து 130 வரை, அந்த 25 பவுண்டுக்குள் எட்டு எடைப் பிரிவுகள் இருப்பது இதனால்தான். மேலே 175-க்கு அடுத்த வரம்பு 200. அங்கே அதே 25 பவுண்டு ஒரே படி.

இந்தப் பையன்களின் உடம்பில் கரைக்கக் கொழுப்பு கிடையாது. இறங்குவது தண்ணீர். ஒரு லிட்டர் வியர்வை போனாலே 50 கிலோ உடம்பில் இரண்டு சதவீதம் போச்சு. இரண்டாம் ரவுண்டில் கால் நகராது. பிளைவெயிட், பாண்டம்வெயிட் போன்ற குறைந்த எடைப் பிரிவு ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே குத்தில் முடிவதில்லை. மூன்று ரவுண்டும் வேகம் குறையாமல் சுத்தமான குத்துகளை வைப்பவனுக்கே பாயிண்ட். அந்த வேகத்தைத்தான் ரெயின்கோட் பறிக்கிறது. வெயில் அடித்து மயங்கி விழும் ஆபத்து வேறு.

தொழில்முறை வீரர்களின் வீடியோவைப் பார்த்து இதைக் காப்பியடிக்கிறார்கள். அவர்களுக்கு எடை பார்ப்பது முந்தைய நாள். குடித்து, சாப்பிட்டுத் தேற நேரம் உண்டு. அமெச்சூர் போட்டியில் ஆட்டமுள்ள ஒவ்வொரு நாள் காலையும் தராசில் ஏற வேண்டும். ஜெயித்த பையன் அன்று இரவு வயிறாரச் சாப்பிடக்கூட முடியாது.

மேல் பிரிவுக்குப் போனால் எதிராளியின் கை நீளம் உறுத்தும், உண்மைதான். 46, 48 கிலோவில் உலகப் பட்டம் வென்ற மேரி கோம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆகக் குறைந்த பிரிவே 51 கிலோ என்பதால் ஏறி ஆடி, தன்னைவிட உயரமான நிக்கோலா ஆடம்ஸிடம் அரையிறுதியில் தோற்றார். ஆனாலும் வெண்கலம் வந்தது. 49 கிலோவில் 2018 ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அமித் பங்கல், 52-க்கு மாறி மறு ஆண்டே உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். மேல் பிரிவுக்கு ஏறும் பையனை, தூரத்திலேயே நின்று ஜாப் (முன்கையால் நேராக வரும் குத்து) வாங்காமல், தலையை அசைத்து உள்ளே புகுந்து வயிற்றில் அடித்து, பக்கவாட்டில் வெளியேறப் பழக்க வேண்டும். உயரமான பையன்களோடு ஆறு வாரமாவது ஸ்பாரிங், அதாவது பயிற்சி ஆட்டம், தேவை.

எந்தப் பிரிவு என்று முடிவெடுக்க ஒரே தராசு போதும். ஏழு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரி, பிரிவின் வரம்பை ஒரு கிலோவுக்கு மேல் தாண்டினால் மேல் பிரிவில் பெயர் கொடுங்கள். 14 முதல் 17 வயதுவரை உயரத்தையும் மாதாமாதம் குறித்து வையுங்கள். வளர்கிற பையனைப் போன வருட எடையில் நிறுத்தப் பார்ப்பது அவன் வளர்ச்சியைத் தடுப்பது.

தேர்வு நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே எடையைப் பதிவு செய்யுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கி வரும் பையனை, எந்தப் பயிற்சியாளர் பரிந்து பேசினாலும், அந்தப் பிரிவில் ரிங்கில் ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்சியாளர்கள் சிலர்,
செல்லூர், மதுரை