மக்கும் கப்புக்கு எலக்ட்ரான் கற்றை: ஒரு வேண்டுகோள்

இந்திய அணுசக்தித் துறைக்கும், சென்னை கிண்டியில் உள்ள மத்திய பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டுக்கும்,

வணக்கம். மக்கும் பிளாஸ்டிக்கில் கப், கிண்ணம் வார்க்கும் சிறு பட்டறைக்காரன் நான். 2022 ஜூலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. அதன் பிறகு பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக்குக்குக் கேட்பு இருக்கிறது, சரக்குதான் கைகொடுக்க மாட்டேன் என்கிறது.

பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். டீக்கடையில் ஊற்றும் டீ அதைவிடச் சூடு. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கப்பின் விளிம்பு நெளியும், அடிப்பக்கம் உப்பும், பிடித்த இடத்தில் விரல் பதியும். தாதுப்பொடி கலந்து, சூடான அச்சிலேயே வைத்துப் படிகமாக்கினால் சூடு தாங்கும். ஆனால் கண்ணாடித் தெளிவு போய்விடும், ஒவ்வொரு முறை வார்க்கவும் நேரமும் கூடும்.

இதற்கு ஜப்பானின் தகசாகி கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் இருபது வருடங்களுக்கு முன்பே ஒரு வழி கண்டார்கள். பிஎல்ஏவை வெறுமனே கதிரில் காட்டினால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து இன்னும் நொய்ந்துபோகும். நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் டிஏஐசி என்ற பிணைப்பு வேதிப்பொருளைக் கலந்து, வார்த்து முடித்த பிறகு 50 கிலோகிரே (கதிர் அளவைக் குறிக்கும் அலகு) எலக்ட்ரான் கற்றை கொடுத்தால் கதை மாறுகிறது. தனித்தனி நூலாகக் கிடந்த சங்கிலிகள் வலைபோல முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. கப் இளகிச் சரிவதில்லை, தெளிவும் கெடுவதில்லை. மருத்துவ ஊசிகளைக் கிருமி நீக்க வழக்கமாகத் தரும் 25 கிலோகிரேயைப் போல இது இரண்டு மடங்குதான்.

ஒரு சங்கடமும் உண்டு. பிணைந்த சரக்கு திரும்ப உருகாது. அச்சின் வழித்தடத்தில் மிஞ்சும் ரன்னர் கழிவைக் கதிருக்கு அனுப்பும் முன்பே அரைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை.

எந்திரங்கள் நம்மிடமே இருக்கின்றன. மும்பை ட்ராம்பேயில் ஐசோமெட் நிலையம் 1974 முதல் காமா கதிரில் மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்கி வருகிறது. நவி மும்பை கார்கரிலும் இந்தூரிலும் எலக்ட்ரான் முடுக்கிகள் உள்ளன. கேபிள் உறைகளுக்கு இதே பிணைப்பு வேலை காலங்காலமாக நடக்கிறது. "கதிர் பட்ட கப்பில் டீ குடிக்கலாமா?" என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். இந்த ஆற்றலில் வரும் எலக்ட்ரான்கள் எதையும் கதிரியக்கப் பொருளாக மாற்றுவதில்லை. அதை நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் எடுபடும். கலந்த டிஏஐசியில் பிணையாமல் மிஞ்சுவது சூடான டீயில் இறங்குகிறதா என்பது வேறு கேள்வி, அதையும் சோதித்தே ஆக வேண்டும்.

எனக்குள்ள உண்மையான கவலை மக்குதலைப் பற்றியது. பிணைப்பு கூடக் கூட மக்குவது தாமதமாகும். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 தரப்படி, 180 நாளுக்குள் 90 சதவீதக் கார்பன் கரியமில வாயுவாக மாற வேண்டும். ரேசின் (மூலப் பிளாஸ்டிக்) கம்பெனி தரும் சான்று கதிர் பட்ட கப்புக்கும் போதும் என்று நான் நம்பவில்லை. சூடு தாங்குகிறது, ஆனால் மக்கவில்லை என்றால் அந்தக் கப் எங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் வரை ஓடும் சோதனையை ஒவ்வொரு பட்டறையும் தனியாகச் செய்யவும் முடியாது.

ஆகவே ஒரே ஒரு கலவையை எடுத்து, 20, 35, 50 கிலோகிரே எனக் கதிர் கொடுத்து, மூன்றையும் சிபெட்டில் மக்கவைத்து, முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். மாதிரிக் கப்புகளை எங்கள் செலவில் வார்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
மக்கும் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் ஒருவர், ஓசூர்