அனுமதி கிடைத்ததாம், ஆள்தான் கிடைக்கவில்லை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் மலேசியாவுக்கு வேலைக்கு வரும் அந்நியத் தொழிலாளர் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. "அரசாங்கமே அனுமதி கொடுத்த பிறகும் முடிதிருத்தும் நிலையத்தார் அந்த வாய்ப்பைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை" என்று அதில் ஒரு வரி. என் கடையில் நுரை பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "என்ன தம்பி, சோம்பேறித்தனமா?" என்றார். அவர் கழுத்தருகே கத்தி இருந்த நேரம். அதனால் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

2009இல் எங்கள் தொழிலுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை முடக்கினார்கள். ஜவுளிக் கடைக்காரர்களுக்கும் நகைத் தொழிலாளிகளுக்கும் அதே கதி. 2023இல் மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. பதினான்கு வருஷம் காத்திருந்தவர்களுக்கு அது பால் வார்த்த செய்திதான். உங்கள் பத்திரிகையை வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஆனால் அனுமதி என்பது ஒரே தாளில் வருகிற சங்கதியா, ஐயா? உங்களுக்குத் தெரியாததா? முதலில் உள்ளூர் ஆட்களுக்காக அரசாங்கத்தின் வேலை தேடும் இணையத்தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் விளம்பரம் போட வேண்டும். அப்புறம் வேலைச் சட்டத்தின் 60கே பிரிவுப்படி தொழிலாளர் இலாகாவின் ஒப்புதல். 2023 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். மீறினால் ஒரு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. அதற்குப் பிறகுதான் எத்தனை பேர் எடுக்கலாம் என்கிற கோட்டா. பிறகு ஆளுக்கு 1,850 வெள்ளி லெவி என்கிற வரி, விசா, அங்கே ஒரு மருத்துவச் சோதனை, இங்கே வந்ததும் ஃபொமேமா என்று இன்னொரு மருத்துவச் சோதனை. இதில் எந்த ஒப்புதலைச் சொல்கிறார் உங்கள் கட்டுரையாளர்?

விளம்பரத்தைப் பார்த்து ஒரு பையன் வந்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒன்பதாம் நாள் சாப்பாடு டெலிவரி பண்ணப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். அவன்மேல் கோபமில்லை, அங்கே கைக்காசு உடனே கிடைக்கிறது. "உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள்" என்று மேடையில் பேசும் தலைவர்கள் தங்கள் பிள்ளைகளில் ஒருவரை அனுப்பினால் நானே இலவசமாகக் கற்றுத் தருகிறேன்.

வெளிநாட்டு ஆளுக்கான தங்குமிடச் சான்றிதழுக்காகக் கடைக்கு மேலேயுள்ள அறையைச் சரிசெய்தேன். சட்டப்படி கட்டில், நான்கு அங்குல மெத்தை, பூட்டுள்ள அலமாரி. அதில் தப்பில்லை, வருகிறவனும் மனுஷன்தானே. ஆனால் வருகிறவன் வரவேண்டுமே! ஏஜெண்டு இன்று போராங் (பாரம்), நாளை சூராட் (கடிதம்) என்று ஏழு மாதம் அலைக்கழித்தார். நான் பேசி வைத்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். மெத்தை இன்னமும் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கிறது. கடையின் மூன்றாவது நாற்காலியில் உங்கள் பழைய பத்திரிகைகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு இது புதிதில்லை. 2020 ஏப்ரலில் ஊரே அடைத்துக் கிடந்தபோது, முடிதிருத்தும் கடைகள் திறக்கலாம் என்றார்கள். கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்து வைத்தேன். சில நாளிலேயே இல்லையென்றார்கள். ஜூன் 10 வரை பூட்டித்தான் கிடந்தது. வாடகை வாங்க வருகிற கடைச் சொந்தக்காரர் மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை. அப்போதும் உங்கள் பத்திரிகையில் "அனுமதி" என்ற தலைப்புதான் பெரிதாக வந்தது. அது ரத்தான செய்தி எட்டாம் பக்கத்தில் ஒரு மூலையில்.

தைப்பூசத்துக்கு மொட்டை போட வரிசையில் நிற்கிறார்கள், தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு மணி வரை நிற்கிறார்கள். அன்றெல்லாம் நாங்கள் சமுதாயத்தின் பாரம்பரியத் தொழில். மற்ற நாட்களில் வாய்ப்பைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள். சரி.

கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அவர் முடி வெட்டிக்கொள்ள எங்கே போகிறாரோ, அந்தக் கடைக்காரர் கேட்டுக்கொள்ளட்டும். என் வேண்டுகோள் சின்னது. இனி இப்படிச் செய்தி போடும்போது அது அறிவிப்பா, கோட்டாவா, தொழிலாளர் இலாகா ஒப்புதலா என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி, எந்த முகப்பில் கேட்பது என்று தமிழில் கால் பக்கம் போடுங்கள். அதை வெட்டியெடுத்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
31 வருஷ வாசகன்,
முடிதிருத்தும் நிலைய உரிமையாளர்,
கிள்ளான்.