வீடியோ அழைப்பு மட்டும் ஏன் கிடைக்காமல் போகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியதும் எங்கள் கடைக்கு ஒரே முறைப்பாடுதான் திரும்பத் திரும்ப வருகிறது. "பின்னேரத்தில் வீடியோ அழைப்பு எடுபடவில்லை. பக்கத்து அறைக்காரர் மட்டும் ரொறன்ரோவில் இருக்கிற மகளோடு குரலில் கதைத்துக்கொண்டிருக்கிறார். அழைப்புகளை இணைக்க நீங்கள் பூட்டின பெட்டி பழுதா?" விடுதி நடத்துவோரும் ரியூசன் நிலையத்தாரும் கேட்பது இதைத்தான். பெட்டியில் பழுதில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது உங்களுக்குப் போதாது.

திருவிழா நாட்களில் கோயிலடி வளவுகளில் சைக்கிள் விட்டிருப்பீர்கள். பத்துச் சைக்கிள் கொள்ளும் வளவு என்று வைப்போம். ஒரு வானுக்கு நாலு சைக்கிளின் இடம் வேண்டும். மூன்று இடம் மிச்சமிருந்தால் சைக்கிள்காரர் உள்ளே போவார், வான் திரும்பிப் போகும். வான் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அந்த மூன்றையும் வேறு சைக்கிள்கள் பிடித்துவிடும். பெட்டியிலும் இதே கதைதான்: உங்கள் இணைப்பு ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அளவை இடங்களாகப் பிரித்துப் பார்த்தால், குரலுக்கு ஓரிடம், வீடியோவுக்கு நாலு. இடமில்லாத நேரத்தில் நெருக்கி ஏற்றினால் கதைத்துக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் குரல் உடையும். அதனால்தான் பெட்டி புதிய அழைப்பை மறுக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பத்து இடம் உள்ள இணைப்பில் மணிக்கு 40 குரலழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். வீடியோ மணிக்கு 2, ஒவ்வொன்றும் 15 நிமிடம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால்கூடச் சராசரியாக நாலு இடம்தான் நிரம்பும், அதிலும் குரலுக்கு இரண்டு, வீடியோவுக்கு இரண்டு. சுமை சமம். ஆனாலும் குரலழைப்பில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் மறுக்கப்படும், வீடியோவில் 16! இதை முதலில் போட்டுப் பார்த்தபோது நாங்களே இரண்டாம் தரம் கூட்டிச் சரிபார்த்தோம்.

இந்தக் கணக்கின் வேர் கொப்பன்ஹேகனில். அங்குள்ள தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், எத்தனை இணைப்பு இருந்தால் எத்தனை அழைப்பு மறுக்கப்படும் என்ற சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். அது ஒரே வகை அழைப்புக்கு. சிறிதும் பெரிதும் கலந்து வரும்போது மேலே சொன்ன விடையைத் தருவது, கோஃப்மன், றொபர்ட்ஸ் என்ற இருவர் 1981இல் தனித்தனியே வெளியிட்ட முறை. ஒவ்வொரு அழைப்பும் எவ்வளவு நேரம் நீளும் என்று துல்லியமாகத் தெரியத் தேவையில்லை, சராசரி போதும் என்பது அதன் அழகு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அழைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும், மறுக்கப்பட்டவர் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுதான் இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. தேர் இருப்புக்கு வந்ததும் ஊரே ஒன்றாக லண்டனுக்கும் பாரிசுக்கும் எடுக்கும், கிடைக்காதவர் உடனே திரும்ப அழுத்துவார். அன்றைக்கு நிலைமை கணக்கைவிட மோசமாகத்தான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வழி. பத்து இடத்தைப் பன்னிரண்டாக்கினால் வீடியோ மறுப்பு 16இலிருந்து 8 ஆகிறது, குரலில் நூற்றுக்கு ஒன்றுதான். இதற்கு மாதக் கட்டணம் கூடும். மற்றது செலவில்லாதது: நாலு இடம் வெறுமையாக இருந்தால் மட்டுமே குரலழைப்பையும் ஏற்கும்படி பெட்டியை மாற்றுவது. அப்போது இரண்டுக்கும் ஒரே அளவு மறுப்பு. வீடியோவுக்கு இப்போதையைவிடக் குறையும், குரலுக்குக் கூடும்.

வீடியோவில் பாடம் நடத்தும் ரியூசன் நிலையங்களுக்கு இரண்டாவதே நல்லது என்று நினைக்கிறோம். வயதானவர்கள் அதிகம் தங்கும் விடுதிகளுக்கு அதைச் செய்ய மாட்டோம். அவர்களுக்குக் குரல் உடனே கிடைக்க வேண்டும். எது வேண்டும் என்று இந்தக் கிழமைக்குள் கடையில் சொல்லிவிடுங்கள். உங்கள் பெட்டியில் பதிவான ஒரு கிழமை அழைப்புகளை எடுத்து, உங்கள் இடத்துக்கான கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகே மாற்றுவோம். அதற்குக் கட்டணமில்லை.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்,
யாழ்ப்பாணம்