ஃபேன் உபயம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்கே புகழ். அப்பாவும் நானும் நலம். குறுவை கதிர் வாங்கி நிற்கிறது. மழை கெடுக்காமல் இருந்தால் மாதா திருநாள் முடிந்ததும் அறுப்புதான்.

நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. கோயிலுக்கு நாலு ஃபேன் வாங்கி, றெக்கையில் 'உபயம்' என்று உங்கள் பேரை எழுதச் சொன்னாய். அப்பாவுக்கு ஒரே பெருமை, பெயிண்டரிடமே பேசிவிட்டார். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போது ஓடுகிற ஃபேன்களிலேயே பீடத்தில் மெழுகுதிரி நிற்பது பெரும்பாடு. பிரசங்க நேரத்தில் பிள்ளைகள் டியூப்லைட்டில் இருக்கும் பேர்களைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபேன் என்றால் அதுவும் முடியாது, ஓடினால் பேர் தெரியாதே!

நான் மரியாயின் சேனையில் இருப்பது உனக்குத் தெரியும். 1921இல் அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில் பிராங்க் டஃப் என்பவர் தொடங்கிய சபை. இரண்டு இரண்டு பேராக வீடு சந்திக்கப் போவோம். போகிற வீட்டில் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அது வின்சென்ட் தே பால் சபைக்காரர்களின் வேலை. சேர்ந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இல்லாதவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போய் என்ன செய்வது? போகப் போகத்தான் பிடிபட்டது. அரிசிப் பை இருந்தால் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். கையில் ஒன்றும் இல்லாதபோது திண்ணையில் உட்கார வேண்டியிருக்கிறது, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கீழத்தெரு ஆயாவை நினைவிருக்கிறதா? வயசுக்காலமெல்லாம் நாற்று பறித்து, நடவு நட்டு, விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. முதியோர் பென்ஷன் வாங்கப் போனால் மெஷின் கைரேகையை எடுக்க மாட்டேனென்கிறது. அவர் பணம் அவர் கணக்கில்தான் கிடக்கிறது. கூட நின்று, விரலைத் துடைத்துவிட்டு, "கட்டைவிரல் வேண்டாம் ஆயா, இந்த விரலை வச்சுப் பாருங்க" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போது நான் கூடப் போகிறேன். சில நாள் முதல் விரலிலேயே விழுந்துவிடும், சில நாள் பத்து விரலும் பார்த்துவிட்டு மறுநாள் வரச் சொல்வார்கள். வழியெல்லாம் மருமகள் மேல் குறை. அதையும் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். சேவை என்றால் அதுவும் சேர்த்தி.

இப்போது வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். 29ஆம் தேதி கொடியேற்றம். நீடாமங்கலம் ரோடு முழுக்கக் காவி உடைதான். நம் பங்கு மக்கள் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறார்கள். தயிர் பாதிக்கு மேல் மேலத்தெரு அத்தை வீட்டு மாட்டுப் பால். அவர்கள் வருஷா வருஷம் சமயபுரத்துக்கு நடக்கிறவர்கள், நடந்த காலின் வலி அவர்களுக்குத் தெரியும்.

மோர் ஊற்ற நான் நீ என்று போட்டி. கால் கழுவத்தான் ஆள் குறைவு. பெரிய வியாழன் அன்று கோயிலில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துச் சாமியார் பாதம் கழுவுவாரே, அவர்களெல்லாம் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வருகிறவர்கள். பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016இல் போப் பிரான்சிஸ் சொன்ன பிறகு நானும் ஒருமுறை உட்கார்ந்தேன். பித்தவெடிப்புக்கு மருந்து தடவிக்கொண்டுதான் போனேன்! ரோட்டில் வருகிற கால் அப்படி இல்லை. தார்ச்சூட்டில் கொப்பளம் உடைந்து, மண் ஒட்டி இருக்கும். கிட்டே போனாலே கூச்சப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நம் தெருவில் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் இதில் கெட்டிக்காரன். குனிந்து காலைப் பார்க்கவே மாட்டான். "எந்த ஊருண்ணே? உங்க பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே உப்புப் போட்ட வெந்நீரை ஊற்றிவிடுவான். அவர் தண்ணீர்க் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எண்ணெயும் தடவியாகிவிடும். எங்கே கற்றுக்கொண்டானோ!

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது ஜெனரேட்டரை வண்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி நிரப்பிக் கொடுத்தவர் பேர் எந்தச் சுவரிலும் இல்லை. பிள்ளைக்காரி வீட்டுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கும்தான் முதலில் போனார். ஊரில் யாரும் மறக்கவில்லை.

அதனால் இப்படிச் செய்யலாமா? பணத்தை வின்சென்ட் தே பால் சபையில் கொடுத்துவிடுவோம். நடக்க முடியாத பெரியவர்களை ஞாயிறு பூசைக்கு ஆட்டோவில் கூட்டிவர அவர்களுக்குக் கை பற்றவில்லை. யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். அவர் வாயில் எந்த ரகசியமும் தங்காது, அது வேறு கதை.

அப்புறம், குவைத்தில் உங்கள் தமிழ்ப் பூசைக்குப் பேராவூரணிப் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாக வருகிறான், கடைசியில் நின்றுவிட்டு யாரிடமும் பேசாமல் போய்விடுகிறான் என்றாயே. பழக்கமில்லாதவனிடம் என்ன பேசுவது என்று யோசிக்காதே. கஜாவில் அந்தப் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்தது. தோப்பு இருந்ததா, இப்போது என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேள், அவனே பேசுவான். அடுத்த வாரம் பூசை முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போ. கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவானா என்று கேட்டுச் சொல். மேலத்தெரு அத்தை மகன் லீவு முடிந்து அங்கேதான் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா