செயலாளர் ஆண்டறிக்கை: மலை, பாறைப் பெயர்ப் பதிவு

தலைவர் அவர்களுக்கும் சங்க உறவுகளுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் மலை, பாறைகளின் பெயர் எழுதும் வேலைதான் இந்த ஆண்டு பெரிதாக நடந்தது. வன்னியில் ஏது மலை என்று அன்று சிலர் சிரித்தார்கள். சரிதான், மலைநாட்டார் பார்த்தால் திட்டி என்பார்கள். ஆனால் காட்டுக்குள் மாடு தேடிப் போகிறவருக்கு அந்தக் கல்லுகள்தான் வழி.

குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் வழக்கும் செய்தியுமாக நாடறிந்தவை. நாம் தேடியது வரைபடத்தில் இல்லாதவற்றை. 1:50,000 வரைபடத்தில் 50 மீற்றர் அகலப் பாறை ஒரு மில்லிமீற்றர்தான். அதில் பெயரை எங்கே எழுதுவது?

பெயர் தெரிந்தவர்கள் மாட்டுப்பட்டி வைத்திருந்தவர்களும் தேன் எடுத்தவர்களும். 2009க்குப் பிறகு ஊர் திரும்பியவர்களில் அவர்கள் குறைவு. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு றோட்டுக்கரைப் பாறைதான் தெரியும். வீட்டில் இருத்திக் கேட்டால் பெரியவர்களுக்குப் பாதிதான் வருகிறது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனால் கல்லைக் கண்டதும் பெயர் வருகிறது, கூடவே கரடி கிடந்த குகைக் கதையும். சாப்பாட்டு நேரம் தப்புவதாகப் பொருளாளருக்குக் குறைதான்.

ஒரே கல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் என்றால் இரண்டையும் எழுதுகிறோம். பெயரைத் திருத்தமான தமிழாக்க வேண்டாம் என்று உறுப்பினர்களை மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். போனில் இடக்குறிப்பு எடுங்கள். அப்புறம் பொக்கணையில், அதுதான் பாறையில் மழைநீர் தேங்கும் பள்ளத்தில், எந்த மாதம்வரை தண்ணீர் நிற்கும், கல்லைப் பிளக்க ஆப்படித்த குழி, படி, குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாதபடி வெட்டிய விளிம்பு எல்லாம் குறியுங்கள். வவுனியாப் பெரியபுளியங்குளத்தில் உள்ளது போலப் பிராமி எழுத்துக் கண்டால் சோக் பூச வேண்டாம்; சாய்வெயிலில் படம் எடுத்தால் போதும்.

கண்ணிவெடிப் பலகை நிற்கும் பக்கம் போகவில்லை. போகவும் கூடாது.

அவசரம் கல்லுடைக்கும் இடங்களில். புவிச்சரிதவியலாளர் வன்னியின் பெயரையே சூட்டிய பாறைத்தொகுதி இது, 50 கோடி ஆண்டுக்கும் பழையது. றோட்டு வேலைக்கு ஒரு கோடையில் சல்லியாகிவிடுகிறது. உடைபட்டவற்றையும் பெயரோடு, ‘இப்போது இல்லை’ என்று பதிவில் வைத்திருக்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கொப்பிகள் ஒரே வீட்டில் கிடப்பது நல்லதல்ல; ஒரு பிரதியை வாசிகசாலையில் வைக்கச் சபையின் அனுமதி வேண்டும். மாரிக்கு முன் மன்னார் மடுப் பக்கம் போக இருக்கிறோம், வரக்கூடியவர்கள் இன்றே பெயர் தரவும்.

செயலாளர்